ஊரகக் கடனுக்கு அரசு வைத்திருக்கும் வீட்டுப் பட்டியல் எதுவும் இல்லை

அமெரிக்க வேளாண் துறையின் ஊரக வீட்டுக் கடன், 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் 502ஆம் பிரிவின்கீழ் வருகிறது. முன்பணமே இல்லாமல் வீடு வாங்க வழி செய்யும் இத்திட்டத்தை ஒரு வதந்தி விடாமல் துரத்துகிறது. கடனுக்குத் தகுதியான வீடுகளை அரசு ஒரு பட்டியலாக வைத்திருக்கிறதாம். அதில் உள்ள வீட்டைத்தான் வாங்க முடியுமாம். இது முழுப் பொய். இதை நம்புகிறவர்கள், கண்ணெதிரே விற்பனைக்கு நிற்கும் நல்ல வீட்டை விட்டுவிட்டு இல்லாத பட்டியலைத் தேடி அலைகிறார்கள்.

தகுதியை முதலில் முடிவு செய்வது வீடு நிற்கும் இடம். தகுதிப் பகுதிக்குள் எந்தத் தரகர் மூலமாகவும், உரிமையாளரே நேரடியாகவும் விற்கும் வீடு, குடியிருக்கத்தக்க நிலையில் இருந்தால் போதும். கடன் கட்டாமல் தன் கைக்கு வந்த வீடுகளைத் துறை விற்பதுண்டு. அந்தச் சிறு பட்டியலை மொத்தச் சந்தை என்று எண்ணுவது தவறு. பட்டியல் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

இடத்தைச் சரிபார்க்கத் துறையின் இணைய வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டின் முழு முகவரியையும் கதவு எண்ணோடு அதில் இட வேண்டும். வண்ணம் தீட்டிய பகுதி தகுதியற்றது. தீட்டாத பகுதியே தகுதியுள்ளது. இதைத் தலைகீழாகப் படித்து ஏமாறுவது எளிது. அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. நகரத்தின் பெயரைத் தாங்கிய முகவரி அந்நகர எல்லைக்கு வெளியே இருக்கலாம். ஒரே சாலையில் ஒரு பக்கம் தகுதி பெற்று மறுபக்கம் பெறாமலும் போகலாம். ‘ஊரகம்’ என்றால் வயல்காடு மட்டுமன்று: மக்கள்தொகை 35,000 வரையுள்ள சில ஊர்களும் இதில் அடங்கும். எல்லைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விளம்பரத்தில் உள்ள ‘ஊரகக் கடனுக்கு ஏற்றது’ என்ற வரி சான்றாகாது.

விவசாயிகளுக்கு மட்டுமே இக்கடன் என்பதும் தவறு. வருமானம் ஈட்டும் பண்ணைக்கு இது கிடைக்கவே கிடைக்காது. முதல் வீடு வாங்குபவருக்கு மட்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் வாங்குபவர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வருமான வரம்பு உண்டு: வங்கி தந்து அரசு உத்தரவாதம் அளிக்கும் கடனுக்கு வட்டார இடைநிலை வருமானத்தில் 115 விழுக்காடு. கடனில் கையெழுத்திடாவிட்டாலும் வீட்டில் வாழும் பெரியவர்களின் சம்பளமும் கணக்கில் சேரும். அரசு உத்தரவாதம் என்பது வங்கியின் இழப்புக்குக் கடன் தொகையில் 90 விழுக்காடு வரை தரப்படும் பாதுகாப்பு. வாங்குபவரின் தவணையை அது கட்டாது. முன்பணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளாகாது. 2,00,000 டாலர் கடனுக்கு 1 விழுக்காடு உத்தரவாதக் கட்டணம் 2,000 டாலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆண்டுக் கட்டணம் 0.35 விழுக்காடு.

இடமும் வருமானமும் பொருந்திய பின் பார்க்க வேண்டியது தண்ணீர். வரைபடத்தை மணிக்கணக்கில் பார்ப்பவர்கள் இதில் அலட்சியமாக இருப்பது பொறுக்கத் தக்கதன்று. ஊரக வீடுகள் பல சொந்தக் கிணற்றை நம்பியவை. பொதுக் குடிநீருக்கான கூட்டாட்சிச் சட்டம் தனியார் கிணறுகளைக் கட்டுப்படுத்தாது. உரமிட்ட வயல்களுக்கு அருகில் நைட்ரேட் கலந்திருக்கலாம். பொதுக் குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜனுக்கான உச்சவரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் கரைத்த பால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யலாம். நிறமும் சுவையும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே ஆய்வகப் பரிசோதனையை நிபந்தனையாக எழுதிக்கொள்ள வேண்டும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. நைட்ரேட் ஆவியாவதில்லை, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.