சங்கத்துக் கணிப்பொறியும் அதன் அடிப்படைக் கட்டளையும்

தறியில் நெய்வோரும், தாமிரபரணிக் கரையில் வாழை வைப்போரும், கரிசலில் பருத்தியும் மிளகாயும் விளைவிப்போரும் தங்கள் சேமிப்பையும் கடனையும் நம்பி ஒப்படைத்திருப்பது சங்கத்தின் கணக்கிடம். முன்னர் அக்கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று கணிப்பொறியில் இருக்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பேரேட்டைக் கறையானிடமிருந்து காத்த பொறுப்பு இப்போது வேறு உருவில் நம்மை வந்தடைந்துள்ளது. அதன் ஒரு பகுதியை இம்மாதம் ஆராய்வோம்.

பயாஸ் என்பது யாது?

கணிப்பொறியின் மதர்போர்டில் சிறியதொரு சில்லு உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் முதலில் இயங்குவது அதில் பதிந்துள்ள கட்டளைத் தொகுதியே. அது நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் சோதித்து ஆயத்தம் செய்து, பின்னர் விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இதனையே பயாஸ் என்பர்.

பூவேலைச் சேலை நெய்வோர் ஜக்கார்டு அட்டையை அறிவர். எந்த இழை எழ வேண்டும், எந்த இழை தாழ வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தறிக்கு அறிவிக்கின்றன. கணிப்பொறியின் மூளையாகிய செயலிக்கும் இத்தகைய நுண்கட்டளைகள் உண்டு. அவற்றுக்கு மைக்ரோகோடு என்று பெயர். அவற்றில் செய்யப்படும் திருத்தம் செயலியில் நிலையாகப் பதிவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் நீங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் பயாஸ் அதனைச் செயலியில் ஏற்றுகிறது. செயலியின் குறையைத் தீர்க்கப் பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லும் காரணம் இதுவே.

2024இல் நேர்ந்தது

இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில, காரணம் புலப்படாமல் தடுமாறின. நிரல்கள் நடுவில் நின்றன, திரை நீலமாயிற்று. செயலி தனக்கு வேண்டிய அளவினும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்கும்படி நுண்கட்டளை பிழையாக அமைந்திருந்ததை அந்நிறுவனமே 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. மிகை அழுத்தமும் வெப்பமும் செயலியினுள் ஒரு மின்சுற்றை நாளடைவில் தேயச் செய்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளிவந்தன. குறைந்த வேலையோடு பல நாள் நிறுத்தாமல் ஓடும் பொறிகளுக்காக 2025இல் மற்றொன்றும் வந்தது.

இங்கு முக்கியமானதொரு உண்மையைக் கவனிக்க வேண்டும். அட்டையைத் திருத்தினால் இனி நெய்வது செம்மையாகும். முன்னரே அறுந்த இழை அதனால் ஒட்டாது. அவ்வாறே, திருத்தம் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்குமேயன்றித் தேய்ந்ததை மீட்காது. அத்தகைய செயலியை மாற்றியே ஆகவேண்டும். இதற்கென உத்தரவாதக் காலத்தை அந்நிறுவனம் மேலும் 2 ஆண்டுகள் நீட்டியது. ஆகவே பொறி வாங்கிய பட்டியலைச் சங்கத்தில் பத்திரப்படுத்துவது அவசியம்.

எல்லாக் கணிப்பொறிக்கும் இக்குறை இல்லை. மேற்சொன்ன தலைமுறைகளில் 65 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட மேசைச் செயலிகளே இதற்கு உட்பட்டவை. நமது பொறி அவ்வகையன்று எனில், பக்கத்துச் சங்கம் செய்ததென்று நாமும் பயாஸில் கை வைக்கலாகாது.

செய்யும் முறை

1. விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதியில் செயலியின் பெயர், மதர்போர்டின் மாதிரி, பயாஸின் பதிப்பு, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

2. கணக்குகளின் நகலை எடுத்து வேறோர் இடத்தில் வைத்திடுக. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் கண்டோம். அசலும் நகலும் ஒரே அறையில் இருப்பது நகலே இல்லாமைக்கு ஒப்பாகும்.

3. பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்பு எண்ணை எழுதி வைத்து, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துக. இல்லையேல் வேலை முடிந்தபின் கணிப்பொறி அந்த எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும்.

4. மதர்போர்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே, மாதிரியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கக் கண்டு, கோப்பைப் பெறுக. பென்டிரைவில் ஏற்றி, அந்நிறுவனம் கூறும் முறைப்படி தொடங்குக.

5. யூபிஎஸ்ஸின் பேட்டரியை முன்னரே சோதித்திடுக. பழைய கட்டளை அழிந்து புதியது பதியும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் கணிப்பொறி எழாமலே போகலாம். நமது கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. ஆயினும் மூழ்கியவரின் கயிற்றைத் தோணியிலிருப்பவர் நடுவில் விடலாகாது என்னும் விதியை நாம் மறந்துவிடவில்லை. இடிமின்னல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையிலும், ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச்சுக் கடைசியிலும் இவ்வேலை வேண்டாம்.

6. முடிந்தபின் பதிப்பு மாறியதா என்று பார்த்து, இன்டெல் வகுத்த இயல்பு அமைப்பைத் தேர்ந்திடுக. அதன்பின்னும் தடுமாற்றம் நீடித்தால் உத்தரவாதத்தைக் கோருக.

கணிப்பொறி சங்கத்தின் பொதுச் சொத்து. எனவே பழுது பார்ப்பவர் தாமே முடிவு செய்து இதனைச் செய்தல் முறையன்று. காரணம், தேதி, பழைய பதிப்பு, புதிய பதிப்பு ஆகிய நான்கும் நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாதல் வேண்டும். ஆண்டுப் பேரவையில் அங்கத்தினர் எவரும் எழுந்து, "நமது கணக்கின் நகல் எங்கே இருக்கிறது? கடைசியாக எடுத்தது எப்போது?" என்று வினவலாம். வினவுவது அவர் உரிமை. விடையோடு இருப்பது நிர்வாகத்தின் கடமை.