பாடம் 8: அம்மம்மா வீடு எவ்வளவு தூரம்?

மொன்றியலில் இருந்து கொழும்பு எவ்வளவு தூரம்? ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் எடுங்கள். நூலின் ஒரு நுனியை மொன்றியலில் வையுங்கள். மறு நுனியைக் கொழும்பில் வைத்து இழுத்துப் பிடியுங்கள்.

நூல் எந்த வழியாகப் போகிறது, பார்த்தீர்களா? கொழும்பு தெற்கே இருக்கிறது. ஆனால் நூல் முதலில் வடக்கே ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து, பிறகுதான் தெற்கே இறங்குகிறது. பூமி உருண்டை அல்லவா? அதனால் இதுதான் மிகக் குறுகிய வழி. இதன் நீளம் சுமார் 13,600 கிலோமீற்றர்.

பெரிய பயணிகள் விமானம் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 900 கிலோமீற்றர் பறக்கும். 13,600ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 15 வரும்.

"அப்ப பதினைஞ்சு மணித்தியாலத்தில போயிடலாமா?"

இல்லை! வழியில் விமானம் மாற வேண்டும். சிலர் லண்டனில் மாறுவார்கள். சிலர் டோஹாவில் மாறுவார்கள். டோஹா வழியாகப் போனால் கணக்கு இப்படி வரும்:

மொன்றியல் – டோஹா: சுமார் 12 மணித்தியாலம்
டோஹாவில் காத்திருப்பது: 3 மணித்தியாலம் என்று வைப்போம்
டோஹா – கொழும்பு: சுமார் 5 மணித்தியாலம்
மொத்தம்: 20 மணித்தியாலம்

இனி, ஒரு பிள்ளை அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசுவதைக் கேளுங்கள். இது டிசம்பர் மாதம்.

பிள்ளை: அம்மம்மா, நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வெளிக்கிடுறம். இருபது மணித்தியாலப் பயணம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்திடுவம்!

அம்மம்மா: அப்ப மாமாவைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு வானோட அனுப்பட்டே?

கொஞ்சம் பொறுங்கள்! பிள்ளை சொன்னது மொன்றியல் நேரம். பூமி மேற்கில் இருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. ஆகவே கிழக்கே உள்ள இலங்கையில் முதலில் விடியும். குளிர்காலத்தில் இலங்கை நேரம் மொன்றியலைவிட 10½ மணித்தியாலம் முன்னே நிற்கும். கோடையில் நாங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிறோம். இலங்கையில் அப்படிச் செய்வதில்லை. அப்போது வித்தியாசம் 9½ மணித்தியாலம்.

விமானம் இறங்கும்போது இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2.30 மணி! பாவம் மாமா. யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் வான் ஓட்டி வந்து, இன்னும் பத்தரை மணித்தியாலம் அங்கே காத்திருப்பார்.

ஆகவே ஊருக்குச் செய்தி சொல்லும்போது ஊர் மணிக்கூட்டின்படி சொல்லுங்கள். கிழமையையும் சரியாகச் சொல்லுங்கள்.

புதிய சொற்கள்

மணித்தியாலம் – 60 நிமிடம்
வெளிக்கிடுதல் – புறப்படுதல்
பின்னேரம் – மாலை நேரம்
கிழமை – வாரத்தின் நாள்

பயிற்சி

1. அம்மம்மாவுக்குப் பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பிறகு எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
2. ஜனவரியில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் 4 மணிக்கு அம்மம்மாவை அழைத்தால், அங்கே எத்தனை மணி? அவர் என்ன செய்துகொண்டிருப்பார்?
3. இதே பயணத்தை ஜூலையில் செய்தால், மாமா எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும்?