கட்டி தட்டுப்பட்ட தேதியைக் குறித்து வை

பூரணாங்குப்பத்தில் இருக்கிற என் தங்கச்சிக்கும், அவளோடு குழுக் கூட்டத்தில் உட்காருகிற மற்றத் தங்கச்சிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதில் பாதியை மறந்துவிடு. கறுப்பு பிரா, ரவிக்கைக்குள் செருகும் செல்போன், இவற்றால் புற்று வரும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. "ஊசி போட்டால் வராதாமே அக்கா" என்று கேட்கிறீர்கள். அந்தத் தடுப்பூசி கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு. மகளுக்குக் கட்டாயம் போடு, ஆனால் மார்புக்கு அது காவல் இல்லை.

எனக்குக் கவலை வேறு. கட்டி உன் கையில் தட்டுப்பட்ட நாளுக்கும், அதை டாக்டர் தொட்டுப் பார்க்கிற நாளுக்கும் நடுவில் எத்தனை மாதம் ஓடுகிறது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுத் திட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பெண் முதன்முதலாக வந்து காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அது ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போட்ட கெடு. அதற்கு முன்னால் வீட்டில் கழிகிற நாட்களை நீதான் எண்ண வேண்டும். தட்டுப்பட்ட அன்றைக்கே தினசரி காலண்டரில் குறி. தீட்டு வருவதற்கு முன் இரண்டு பக்கமும் கனத்து வலிப்பது சகஜம், வந்ததும் இறங்கிவிடும். இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கிற கட்டி, அது புளியங்கொட்டை அளவே இருந்தாலும், வலிக்கவே வலிக்காவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும். தீட்டு நின்றவளாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதே. வலி இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆரம்பத்தில் இந்தப் புற்று பெரும்பாலும் வலிக்காது.

கட்டி மட்டும் அடையாளம் இல்லை. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், ஆறாத புண், தோலில் குழி விழுவது, ஒரு பக்கத் தோல் மட்டும் தடித்துச் சிவப்பது, அக்குளில் நெறி கட்டினாற்போல் நிற்பது, எல்லாமே காட்ட வேண்டியவை. பால் கொடுக்கிறவளுக்கு இன்னொரு வார்த்தை. 'பால் கட்டு' என்று பற்றுப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மருந்து சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் கேள். பால் கொடுக்கும் காலத்திலும் புற்று வரும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மறைக்கிறோம்? பயத்தால் மட்டும் இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் "அவங்கம்மாவுக்குப் புற்றாம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். இந்தக் கணக்குப் போட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்ட அம்மாக்கள் நம் கொம்யூனில் மட்டுமில்லை, எங்கும் உண்டு. மார்பகப் புற்றில் நேரடியாக வழிவழியாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அது உன் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க, அம்மா வழியோடு அப்பா வழியையும் விசாரி. அத்தைக்கு, அப்பாயிக்கு இருந்ததும் சேரும். சின்ன வயதில் வந்திருந்தாலோ, சூலகப் புற்று இருந்தாலோ, ஆண் யாருக்காவது மார்பில் வந்திருந்தாலோ (ஆண்களுக்கும் வரும்) டாக்டரிடம் முதலில் அதைச் சொல்.

கண்ணாடி முன்னால் நின்று மாதாமாதம் தடவிப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதைப் பற்றி. ஷாங்காயில் 519 மில்களில் வேலை செய்த 2,66,064 பெண்களை 1989-லிருந்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாதிரி பொம்மை வைத்து, திரும்பத் திரும்பச் சுயபரிசோதனை கற்றுக் கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது: கற்றவர்களில் இறந்தவர்கள் 135, கற்காதவர்களில் 131. வித்தியாசமே இல்லை. இதைச் சொல்லாமல் துண்டுப் பிரசுரம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும், குளிக்கும்போது வித்தியாசம் பட்டால் போய்க் காட்டு. மாதாமாதம் தடவினேன், ஒன்றும் இல்லை, அதனால் தப்பித்தேன் என்று மட்டும் இருந்துவிடாதே.

அதைவிட நமக்குப் பக்கத்துக் கதை மும்பையுடையது. டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் குடிசைப் பகுதிகளில் 1,51,538 பெண்களை வைத்து ஆரம்பித்தது. டாக்டர் இல்லை, மெஷின் இல்லை. பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நான்கு சுற்று, கையால் பரிசோதித்தார்கள், நோயைப் பற்றியும் பேசினார்கள். 20 வருஷம் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளிவந்த கணக்கில், நோய் முற்றாத நிலையிலேயே பிடிபட்டது தெரிந்தது. 50 வயது தாண்டியவர்களில் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பழகிய கைக்கு இருக்கிற பலன் அது. 30 முதல் 65 வயது வரை வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே பார்க்கச் சொல்லி 2016-லேயே மத்திய அரசின் வழிகாட்டி இருக்கிறது. நர்சம்மா வீட்டுக்கு வந்தால் சர்க்கரை, பிரஷரோடு அனுப்பிவிடாதே, "மார்பு எப்போ பாப்பீங்க" என்று கேள். ஐந்து வருஷம் என்பது என் கண்ணுக்கு நீளம். 50 தாண்டிய மாமியாரையும் அம்மாவையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிப் போ. குழுவில் கடன் வசூலிக்கிற நாளில் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்கினால் போதும். நூறு நாள் வேலை நடக்கிற இடம் இன்னும் நல்லது, அங்கே ஆண் காது குறைவு.

காட்டப் போனால் மூன்று நடக்க வேண்டும்: கையால் பரிசோதனை, படம் (சின்ன வயதுக்காரிக்கு ஸ்கேன், 40-க்கு மேல் மேமோகிராம்), ஊசி வைத்துச் சதை எடுக்கும் பயாப்சி. ஊசி குத்தினால் பரவும் என்பது கட்டுக்கதை. இதைவிட முக்கியம்: ஊசிப் பரிசோதனை இல்லாமல், "சின்னக் கட்டிதான், கிழிச்சு எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. முதல் அறுவையைத் தப்பாகச் செய்துவிட்டால் பிறகு வருகிற டாக்டருக்குப் பாதி விஷயம் தெரியாமல் போய்விடும். எதை எடுத்தாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல், ரிசல்ட் காகிதத்தை நீயே வைத்துக்கொள். பெரும்பாலான கட்டிகள் புற்று இல்லை என்றுதான் ரிசல்ட் வரும். அதைக் கேட்டுவிட்டு வரத்தான் போகிறாய்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம்? இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். பால் கொடு. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-ல் கணக்கிட்டதில், மொத்தமாகக் கொடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்தது. தீட்டு நின்ற பிறகு உடம்பு ஏறாமல் பார். ஸ்கூட்டி வந்ததும் தவளக்குப்பம் வரை நடப்பதை விட்டவர்கள் அதைத் திரும்பத் தொடங்கலாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு மதுவைச் சொல்லாமல் விட முடியாது. சாராயமோ, பீரோ, விருந்தில் கொடுக்கிற ஒயினோ, அளவு கூடக் கூட மார்பகப் புற்று ஆபத்தும் கூடும். ஆண்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று பேசுவதை நிறுத்துவோம். இவை எல்லாம் செய்தவளுக்கும் வரும். அதனால் நோய் வந்தவளிடம் "நீ என்ன செஞ்சே" என்று கேட்காதே.

ஆய்வுக்குப் பாரம் நிரப்பக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் விரட்டாதே. ஜிப்மருக்கு ராமநாதபுரத்தில் கிராமப்புற சுகாதார மையம் இருப்பதால் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இது பழக்கம். எதற்கு இந்த ஆய்வு, பெயர் வெளியே போகுமா, முடிவை எங்களுக்கு யார் சொல்வார்கள் என்று மூன்றும் கேள். பிடிக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது, சிகிச்சை அதனால் நிற்காது. சென்னையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் ஒவ்வொரு நோயாளியையும் எழுதி வைத்ததால்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று முந்தியது வெளியே தெரிந்தது. அந்த நிலையத்தை 1954-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுக்குக் கொடுத்த அக்கா.

கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் காலையிலேயே கிளம்பு. தவளக்குப்பத்தில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாறு. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தால் அது, பழைய ஸ்கேன் காகிதங்கள், காலண்டரிலிருந்து கிழித்த அந்தத் தாள், எல்லாம் ஒரே பையில். முன்பக்கம் திறக்கிற ரவிக்கை போட்டுக்கொள். ஆண் டாக்டர் என்றால் பக்கத்தில் நர்ஸ் இருக்கச் சொல்லிக் கேட்கலாம், கூச்சப்படாதே. துணைக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போ, அவர் வரமுடியாவிட்டால் குழுவிலிருந்து ஒருத்தி, அவளும் இல்லையென்றால் எனக்குப் போன் போடு.