எங்களுக்கு வந்தால் லேசாக வருமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 56 வயது. ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கு இஞ்சின் வேலை செய்கிறேன். என் காக்காவுக்கு 63. நாரி வலி என்று ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் புரொஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். இப்போது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வருகிறோம். லண்டனில் இருக்கும் மச்சான், “இது கறுப்பினத்தவருக்குத்தான் கடுமை, எங்கட ஆட்களுக்கு வந்தாலும் லேசு” என்கிறார். அப்படியென்றால் காக்காவுக்கு ஏன் இப்படி? எனக்குச் சலம் தடங்கலில்லாமல் போகிறது. நாளைக்குப் பத்து சிகரட் குடிப்பேன். 50 வயதுடைய தம்பி கட்டாரிலிருந்து விட்டமின் ஈ போத்தல் கொண்டுவந்து, “இதைக் குடித்தால் வராது” என்கிறார். நாங்கள் பயப்பட வேண்டுமா?

– பெயர் வேண்டாம், ஒலுவில்

பதில்: உங்கள் மச்சான் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும்.

அவர் இருக்கும் நாட்டுக் கணக்கையே பார்ப்போம். இங்கிலாந்து ஆண்களைப் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு. வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுவது கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு, வெள்ளையரில் 8 பேரில் ஒருவருக்கு, ஆசியரில் 13 பேரில் ஒருவருக்கு. இதுவரை மச்சான் சொன்னது சரி. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: நோய் கண்டறியப்பட்டவர்களில் அதனாலேயே இறப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூன்று இனத்திலும் இதே கணக்குத்தான். எங்களுக்கு இது குறைவாக வருகிறது, அவ்வளவுதான். வந்துவிட்டால் ஆசியர் என்று சலுகை காட்டுவதில்லை.

கறுப்பினத்தவருக்கு மட்டும் கடுமை என்ற பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே வெள்ளையரைவிட அவர்கள் இந்நோயால் ஏறத்தாழ இரு மடங்கு இறக்கிறார்கள். நோய் வருவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு; எட்டாவது குரோமோசோமில் அதற்கான இடத்தையே காட்டியிருக்கிறார்கள். ஆனால் 2019இல், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. முன்னாள் படையினருக்கான அரச வைத்தியசாலைகளில் இரு சாராருக்கும் ஒரே விதமான சிகிச்சை கிடைக்கிறது. அங்கே ஒரே கட்டத்தில் நோயோடு வந்தவர்களிடையே அந்த இறப்பு வித்தியாசம் காணாமல் போயிருந்தது. தோலின் நிறத்தில் எழுதியிருப்பதாக நினைத்ததில் பெரும்பகுதி, எப்போது பிடிபட்டது, என்ன வைத்தியம் கிடைத்தது என்பதில்தான் இருந்திருக்கிறது.

உங்கள் காக்காவின் கதையும் அதுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு நோய் சுரப்பிக்குள் இருக்கும்போதே பிடிபடுகிறது. எங்கள் பக்கத்தில் நாரி வலிக்கு எண்ணெய், பிறகு பிளாஸ்டர், பிறகு எக்ஸ்ரே.

‘சலம் தடங்கலில்லாமல் போகிறது’ என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கவலை. இதை உங்கள் துறைமுகத்தை வைத்தே சொல்கிறேன். 2013இல் திறந்தார்கள். வாயிலில் மண் சேர்ந்தால் அன்றைக்கே படகு தட்டும், எல்லோரும் சத்தம் போடுவார்கள். வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டதோ அப்படியில்லை. அலைத்தடுப்பு மணலை மறித்ததால், தென்னை சாய்கிற வரைக்கும் அது பலருக்குத் தெரியவில்லை. இங்கேயும் அப்படித்தான். புரொஸ்டேட் கொட்டைப்பாக்கை விடச் சற்றுப் பெரிய சுரப்பி. சலக்குழாய் அதன் நடுவால் போகிறது. வயதானால் வரும் சாதாரண வீக்கம் அந்தக் குழாயைச் சுற்றி வளரும். அதனால்தான் இரவில் நாலு தரம் எழும்புவதும், வுழூ செய்த பிறகு சொட்டுப் போவதும். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது சுரப்பியின் வெளிப்பக்கத்தில். குழாயை நெரிக்கும் அளவுக்கு அது வளர்வதற்குள் வருடங்கள் போய்விடும். ஆகவே சலம் நன்றாகப் போவது இந்த நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இனி பழக்கவழக்கம். ஜப்பானில் முன்பு இந்த நோய் மிகக் குறைவாக இருந்தது. அங்கிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தவர்களிடம் ஓரிரு தலைமுறைக்குள் அது ஏறிவிட்டது. அமெரிக்காவில் நோயைத் தேடிப் பார்ப்பது அதிகம் என்பதும் ஒரு காரணம்; ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல. பரம்பரை அவ்வளவு விரைவாக மாறாதே.

உங்கள் விஷயத்தில் முதலில் சிகரட். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நோய் கண்ட 5,366 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. நோய் கண்ட நேரத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் அதிகமாக இந்த நோயால் இறந்தார்கள். விட்டுப் பத்து வருடம் கடந்தவர்களின் நிலை புகைக்காதவர்களைப் போலவே இருந்தது. அடுத்தது வயிறு. உடற்பருமன் முற்றிய நோயோடுதான் தொடர்புபடுகிறது. நாள் முழுக்க இஞ்சினோடு மாரடிக்கிறேன் என்பீர்கள். குனிந்து நின்று செய்யும் வேலை வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு. மாட்டிறைச்சியை இதற்குக் குற்றவாளியாக்க என்னிடம் உறுதியான சான்று இல்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு இருக்கிறது. அதனால் சஹனில் கொஞ்சம் அடக்கமாகவே எடுங்கள்.

தம்பியின் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டமின் ஈயும் செலெனியமும் இந்த நோயைத் தடுக்குமா என்று 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை. 2011இல் வந்த கணக்கின்படி, விட்டமின் ஈ மட்டும் குடித்தவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

எல்லோரும் ஓடிப்போய் இந்த நோயைத் தேடும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் சொல்வதில்லை. உங்கள் நிலை வேறு. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கான வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். பிஎஸ்ஏ எண் கூடினால் உடனே கத்தி என்று பயப்படவும் வேண்டாம். பிரித்தானியாவில் சுரப்பிக்குள்ளேயே நோய் இருந்த 1,643 பேரைப் பார்த்தார்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சை, சிலருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் அவதானிப்பு மட்டும். 15 வருடம் கழித்து, மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான்.

கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் காட்டி, காக்காவின் விபரத்தை முதலிலேயே சொல்லுங்கள். விரலால் சோதிக்க வேண்டும் என்றால் வெட்கப்பட்டுத் திரும்ப வேண்டாம். ஒரு நிமிட வேலை. சலத்தில் கிருமித் தொற்று இருந்தால் அது மாறிச் சில வாரம் கழித்தே இரத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறும். வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் குடிப்பவர்களுக்கு அந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். டொக்டருக்கு அது தெரியாவிட்டால் நோய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள்.