சிறு விமானத்தில் மின்கம்பி

டாலிகஞ்சிற்கு அருகிலுள்ள பேஹாலாவில் சிறு விமானங்களுக்கான தளம் ஒன்று உண்டு. அத்தகைய விமானத்தில் மின்கம்பி பொருத்தும் முறை, நம் வீட்டில் பொருத்தும் முறையினின்றும் வேறானது.

விமானம் பறக்கையில் அதன் உடல் இடைவிடாது அதிரும். தடித்த ஒற்றைக் கம்பி அவ்வதிர்வில் முறிந்துவிடும். ஆதலால் மெல்லிய செப்பிழைகள் பலவற்றை முறுக்கிய கம்பியையே இடுவர். உலோக விளிம்பில் உராய்ந்தால் கம்பியின் உறை தேயும், தீப்பொறி எழும். வானத்திற்குத் தீயணைப்பு வண்டி வருமோ? ஆகவே கம்பி நுழையும் துளைகளில் இரப்பர் வளையம் பொருத்துவர். கம்பிகளை அசையாதவாறு சேர்த்துக் கட்டுவர்.

மின்கல அடுக்கிலிருந்து விளக்கிற்குச் செல்லும் மின்சாரம் திரும்பி வருதலும் வேண்டும். அலுமினிய விமானத்தில் அதன் உடலே திரும்பும் வழியாக அமையும். பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்ற ஹன்சா-3 பயிற்சி விமானமோ, இழைகளும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளால் ஆனது. அப்பொருள் உலோகம்போல் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. இவ்வகை விமானங்களில் மின்சாரம் திரும்புவதற்கும் தனிக் கம்பி இட வேண்டும்.

பயிற்சி: அலுமினிய விமானத்தில் ஒரு விளக்கிற்கு ஒரு கம்பியே போதுமானது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.