உளுக்காத மூங்கில் நாற்காலியும் விளக்குக் கூடும்

மூங்கிலால் நாற்காலி செய்வது அரிய காரியமன்று. செய்த நாற்காலி நெடுநாள் நிலைக்குமாறு செய்வதே அரிது. கைத்திறன் மிக்க தொழிலாளி ஒருவரிடம் நாம் ஒரு நாற்காலி வாங்கினோம். எட்டாம் மாதம் அதன் காலடியில் மாவு போன்ற தூள் கொட்டிக் கிடந்தது. பிணைப்பில் குறையில்லை, கழியிலேதான் குறை. ஆயினும், அவரிடம் வாங்கலாமென்றிருந்த அண்டை வீட்டார் இருவர் பின்வாங்கிவிட்டனர்.

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடியே வண்டு துளைக்கிறது. ஆகவே கழியை வெட்டும்போதே கவனம் வேண்டும். மூன்று, நான்கு ஆண்டு முற்றிய கழியே ஏற்றது. இளங்கழி பச்சைப் பசேலென்று, மேலே வெண்பொடி பூத்திருக்கும். முற்றியது மங்கிய நிறமுடையதாய், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். புதுக் குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டலாகாது.

வெட்டிய கழியைச் சில வாரங்கள் நீரில் ஊறவிடுதல் நம் முன்னோர் முறை. மாவுச்சத்து கரைந்துவிடும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்! இன்னும் உறுதியான முறை, 100 லிட்டர் நீரில் வெண்காரமும் போரிக் அமிலமும் வகைக்கு 2½ கிலோ கரைத்து ஊறவைப்பது. முழுக் கழியாயின் உட்கணுக்களை இரும்புக் கம்பியால் குத்தித் துளையிட்டால்தான் கரைசல் உள்ளே செல்லும். இம்மருந்து மழைநீரில் கரைந்து போகுமாதலால் வீட்டினுள் வைக்கும் சாமான்களுக்கே இது பொருந்தும். பின்னர்க் கழிகளை நிழலில் நிறுத்தி உலர்த்துக.

நாற்காலியின் வடிவத்தைக் கணுவே தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு காலும் கணுவில் முடிந்தால் அடி பிளவாது. இரும்பாணியை நேரே அடித்தால் கழி வெடிக்கும். துளையிட்டு மூங்கில் முளை செருகிப் பிரம்பால் வரிந்து கட்டுவதே நலம்.

எஞ்சும் மெல்லிய பிளாச்சுகள் விளக்குக் கூட்டிற்கு ஆகும். சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றபோது, மூங்கிலும் முசுக்கொட்டைப் பட்டைக் காகிதமும் கொண்டு அங்குச் செய்துவந்த விளக்குகளைக் கண்டார். அதே முறையில் அவர் அமைத்த புது வடிவங்கள் இன்றும் அங்குக் கையாலேயே செய்யப்படுகின்றன. நம்மவர் காகிதமின்றிப் பிளாச்சுகளை இடைவெளிவிட்டுப் பின்னினாலே போதும். சுவரில் விழும் நிழலே ஓர் அழகு. எல்.இ.டி. பல்பு பழைய இழை பல்பைப்போல் அவ்வளவு சுடுவதில்லை. எனினும் கூட்டின் மேற்புறத்தைத் திறந்தே விடுக, பல்பு எங்கும் பிளாச்சைத் தொடலாகாது.