கடுவன் பூனைக்கு டாய்லெட் பழக்கலாமா?

கேள்வி: இடிகரைத் தோட்டத்து வீட்டில் இருந்தவரைக்கும் எங்க கடுவன் பூனை பொடக்காளி மண்ணில் குழி பறித்துப் போயிட்டு, தானே மூடிட்டு வந்துருமுங்க. அதுக்கு இப்ப மூணு வயசு. ஆறு மாசத்துக்கு முன்னால துடியலூரில் அபார்ட்மெண்ட் மூணாவது மாடிக்கு வந்துட்டோம். தட்டில் லிட்டர் போட்டு வைக்கிறேன். மாசம் ஆயிரம் ரூபாய் அதுக்கே போகுது, நாத்தமும் அடங்கலை. இதுல மருமகளுக்கு இது மூணாவது மாசம். பூனைக் கழிவு ஆகாதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. வெஸ்டர்ன் டாய்லெட்டில் போகப் பூனையைப் பழக்குற வீடியோ ஒண்ணைப் பையன் காட்டினான். பழக்கலாமுங்களா?
— வாசகி, துடியலூர்

பதில்: பழக்க முடியும் அம்மா. ஆனால் உங்கள் கடுவனுக்கு அது வேண்டாம்.

முடியும் என்பதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. சார்லஸ் மிங்கஸ் என்ற அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் 1950களில் தன் பூனை நைட்லைஃபை டாய்லெட்டுக்குப் பழக்கி, அந்த முறையை ஒரு சிறு கையேடாகவே வெளியிட்டார். அட்டைப்பெட்டியில் கிழித்த செய்தித்தாளைப் போட்டு, பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறைக்கு நகர்த்தி, டாய்லெட் மேல் ஏற்றி, நடுவில் ஓட்டை போட்டுப் பெரிதாக்கிக்கொண்டே போவது அவர் வழி. இன்று விற்கும் பிளாஸ்டிக் தட்டுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பொறுமை இருந்தால் சில வாரங்களில் பல பூனைகள் படிந்துவிடும். லிட்டர் செலவு மிச்சம், மூணு மாடி மூட்டை தூக்க வேண்டாம், நாற்றமும் குறையும். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை.

இழப்பு என்ன என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். டாய்லெட் பழகிய ஒரு கடுவனை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மூலையில் சுருண்டு கிடக்கிறது என்றார்கள். அடிவயிற்றைத் தொட்டேன். மூத்திரப்பை ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உப்பி, கல்லு மாதிரி இருந்தது. கை பட்டதும் கத்தியது. “கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது?” என்று கேட்டேன். அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. டாய்லெட்டில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஏதாவது விழுந்ததா என்று எப்படித் தெரியும்? குழாய் விட்டு அடைப்பை எடுத்தோம், பிழைத்துக்கொண்டது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும்.

கடுவனின் மூத்திரத் தாரை மிக மிகக் குறுகல். சளியும் உப்புத் துகளும் சேர்ந்து அடைத்துவிட்டால், ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். மண் தட்டு இருக்கும் வீட்டில் இது முதல் நாளே கண்ணில் படும். வழக்கமாக இரண்டு மூன்று இடம் நனைந்திருக்கும், இன்று ஒன்றுமே இல்லையே என்று அள்ளும்போதே தெரிந்துவிடும். பேதியும் ரத்தமும்கூட அங்கேதான் முதலில் தெரியும்.

இன்னொன்று. பறிப்பதும் மூடுவதும் பூனைக்குப் பிறவிக் குணம். டாய்லெட்டில் போன பிறகு சில பூனைகள் பக்கத்து டைல்ஸைப் பறண்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வழுக்கும் விளிம்பில் நாலு காலையும் ஒட்டி வைத்து நிற்பது இளம் பூனைக்குச் சரி. பத்துப் பன்னிரண்டு வயதில் மூட்டு வலி வந்தால் எப்படி ஏறும்? கதவை யாராவது சாத்திவிட்டால் போதும், அடக்கி வைக்கும், இல்லை மெத்தையில் போகும்.

மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள் சொல்வது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம், அது உண்மை. ஆனால் அதன் முட்டைகள் கழிவில் வெளியேறியதும் தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் தவறாமல் அள்ளிவிட்டால் அந்த அவகாசமே கிடைக்காது. அந்த வேலையை நீங்களோ மகனோ கையுறை போட்டுச் செய்யுங்கள், மருமகள் தொட வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள். மனிதர்களுக்கு இது அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும் வருவதுண்டு, சமையலறையிலும் கவனம் வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லிவிடுங்கள். பூனையைக் கொண்டுபோய் விட வேண்டிய அவசியமில்லை.

டாய்லெட்டில் தள்ளிவிட்டாலும் அந்த முட்டைகள் சாவதில்லை, குளோரினையும் தாங்கும். கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் சாவது தெரிந்த பிறகு, பூனைக் கழிவை டாய்லெட்டில் போடாதீர்கள் என்று லிட்டர் பைகளில் அச்சிட 2006இல் சட்டமே போட்டார்கள்.

செலவுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. மாடித்தோட்டத்துக்கு விற்கும் 5 கிலோ தேங்காய் நார்த்தூள் கட்டியை வாங்கி, நனைத்து உதிர்த்து, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, சலித்த ஆற்று மணலோடு கலந்து இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள். மண்ணில் பழகிய பூனை, சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் கூர்மையும் அதிகம். பழைய லிட்டரோடு பாதிப் பாதியாகத் தொடங்கி ஒரு வாரத்தில் மாற்றுங்கள். அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், செடிக்குப் போடாதீர்கள். தட்டு பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, காற்றோட்டமான பால்கனி ஓரத்தில் வையுங்கள். பால்கனிக்கு வலை அடித்திருக்க வேண்டும்.

நாற்றத்துக்காகத் தட்டில் ஃபினாயில் ஊற்றுகிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். அது பூனைக்கு விஷம். காலில் ஒட்டியதை நக்கினாலே போதும். வாரம் ஒருமுறை சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

உங்கள் கடுவன் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, மணல் நனையாமல் இருந்தால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.